சீல், மோதிரம், பின்: ஒன்ராறியோவில் பி.எங். கிடைத்த பிறகு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பொறியியலாளராகத் தொழில் செய்வதற்கான பி.எங். லைசென்ஸ் கிடைத்த செய்தியோடு என்னை அழைக்கும் தம்பி தங்கைகள் அடுத்ததாகக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். "அண்ணா, சீலை எங்கே செய்விக்கிறது? அந்த இரும்பு மோதிரம் எங்களுக்கும் தருவாங்களா? வேறை என்ன எடுத்து வைக்கவேணும்?" பெரும்பாலும் பேராதனையிலோ மொறட்டுவையிலோ கிண்டியிலோ படித்துவிட்டு வந்தவர்கள். இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இறுதியாண்டிலேயே தெரிந்துவிடும் விஷயங்கள் இவை. எங்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. நான் கடந்து வந்த வழியை எழுதிவைத்தால் அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

லைசென்ஸ் எடுத்த கதை இங்கே வேண்டாம். 48 மாத வேலை அனுபவம், சட்டமும் தொழில் ஒழுக்கமும் பற்றிய தேர்வு, படித்த பாடங்களின் மதிப்பீடு எல்லாம் தெரிந்தவைதான். நான் விண்ணப்பித்த காலத்தில் அந்த 48 மாதங்களில் 12 மாதங்களாவது கனடாவில் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. எத்தனையோ பேரை முடக்கிப்போட்ட நிபந்தனை அது. 2023 மே மாதத்தில் ஒன்ராறியோ பொறியியலாளர் சங்கம் அதை நீக்கிவிட்டது. நீக்கியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முதலில் சீல். எங்கள் தொழிலில் இதைவிடப் பாரமான பொருள் வேறு இல்லை. வட்டமான ஒரு றபர் முத்திரை. மேல் விளிம்பில் லைசென்ஸ் பெற்ற பொறியியலாளர் என்றும் கீழ் விளிம்பில் ஒன்ராறியோ மாகாணம் என்றும் ஆங்கிலத்தில் இருக்கும். நடுவில் உங்கள் பெயர். இறுதி ஆவணத்தில் முத்திரையைக் குத்தி, கையெழுத்திட்டு, தேதி போட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை முடிந்ததாகாது.

நடுவில் வரும் அந்தப் பெயரைப் பற்றி விண்ணப்பம் போடும் நாளிலேயே யோசியுங்கள். சங்கத்தின் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் சீலிலும் வரும். எங்கள் பெயர்களின் சிக்கல் தெரிந்ததுதானே. அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கி நிற்கிறது. கடவுச்சீட்டில் முழுதாக நீண்டு கிடக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒன்றில் 'எச்' இருக்கிறது, மற்றதில் இல்லை. இங்கே வந்த பிறகு அலுவலகத்தில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். அந்த ஒரு தாள் பின்னால் பல கடிதங்களை மிச்சப்படுத்தியது. சீலில் இப்போது அப்பாவின் பெயரும் என் பெயரும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு வரைபடத்திலும் அவர் பெயரும் சேர்ந்தே விழுவது எனக்குப் பெருமை.

முத்திரை செய்து தரும் கடைகள் இணையத்தில் நிறைய உண்டு. பெயரையும் எண்ணையும் கொடுத்தால் வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்கிறார்கள். அங்கே போகாதீர்கள், சங்கத்தின் வழியாகவே எடுங்கள். காசு கொடுத்து எடுத்தாலும் சீல் உங்கள் சொத்தாகிவிடாது. அது சங்கத்துக்கு உரியது, கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் அதை மேசையில் போட்டுவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது பதைக்கும். பூட்டிய இழுப்பறையில் வையுங்கள். உதவியாளரிடம் கொடுத்துக் குத்தச் சொல்லாதீர்கள். முடிவாகாத வரைபடத்தில் குத்தச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். நீங்களே தயாரித்த, அல்லது நீங்களே சரிபார்த்த இறுதி ஆவணத்துக்குத்தான் சீல்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் எலியட் லேக். ஒன்ராறியோவின் வடக்கே உள்ள அந்தச் சிற்றூரில் 2012 ஜூன் 23 அன்று அல்கோ சென்டர் என்ற கடைத்தொகுதியின் கூரை இடிந்து விழுந்தது. அந்தக் கூரைதான் வாகனத் தரிப்பிடம். ஆண்டுக்கணக்காக நீர் கசிந்து உள்ளே உருக்கு துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். இடிவதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் பொறியியலாளர் ஒருவர் அந்தக் கட்டடத்தைப் பார்த்து, கட்டமைப்பு உறுதியாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருந்தார். பின்னர் நடந்த விசாரணையின் அறிக்கை 2014இல் வெளிவந்தது. சீல் கையில் கிடைத்த கிழமை அதைப் படித்துவிட்டேன். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அடுத்தது மோதிரம். இதில்தான் எங்கள் ஆட்களிடையே குழப்பம் அதிகம். கனடாவில் பொறியியலாளர்கள் உறுதிமொழி சொல்லிப் போட்டுக்கொள்ளும் இரும்பு மோதிரத்துக்கும் லைசென்ஸுக்கும் சட்டப்படி எந்தத் தொடர்பும் இல்லை. மோதிரம் போட்ட எல்லோரும் பி.எங். இல்லை, பி.எங். எல்லோரிடமும் மோதிரம் இல்லை. சங்கம் அதைத் தருவதும் இல்லை. அதைத் தருவது ஏழு காவலர்கள் என்ற பெயரில் இயங்கும் தனி அமைப்பு. அதன் கிளைகளைக் காம்ப் என்கிறார்கள், ரொறன்ரோவில் இருப்பது முதலாம் காம்ப்.

ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்ட்டெய்ன் 1922இல் தொடங்கிவைத்த யோசனை இது. பட்டம் பெற்று வெளியேறும் பொறியியலாளர்களை ஓர் உறுதிமொழியால் பிணைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்கான சடங்கை எழுதித் தந்தவர் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். முதல் சடங்கு 1925 ஏப்ரல் 25 அன்று மொன்றியலில் நடந்தது. தொடக்க கால மோதிரங்களை முதலாம் உலகப் போரில் காயப்பட்டு ரொறன்ரோவின் கிறிஸ்டி வீதி மருத்துவமனையில் இருந்த படைவீரர்கள் கையால் அடித்துச் செய்தார்கள். அந்த அடியின் நினைவாகத்தான் இன்றைக்கும் மோதிரத்தின் வெளிப்பக்கம் சுற்றிவரப் பட்டை பட்டையாக இருக்கிறது.

இடிந்து விழுந்த கியூபெக் பாலத்தின் இரும்பில் செய்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையில்லை. ஆனால் அந்தப் பாலத்தின் கதையைத் தெரியாமல் மோதிரம் போடக்கூடாது என்பது என் கருத்து. 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது, 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் காணவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் பூர்வகுடித் தொழிலாளர்கள். நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டிய பிறகும் பாலத்தின் சொந்த எடையைச் சரியாகத் திருப்பிக் கணக்கிடவில்லை. அழுத்தம் தாங்க வேண்டிய கீழ்த்தண்டுகள் வளைந்து வருவதைத் தளத்தில் இருந்தவர்கள் அளந்தும் பார்த்தார்கள். நேரில் சொல்வதற்காக ஒருவர் நியூயோர்க்குக்கே போனார். பாலத்தில் இனி எடை ஏற்ற வேண்டாம் என்று அங்கிருந்த ஆலோசகப் பொறியியலாளர் தந்தி அடித்தார். அந்தச் செய்தி தளத்தைச் சேர்வதற்குள் பாலம் ஆற்றுக்குள் போய்விட்டது. 1916இல் புதுப் பாலத்தின் நடுத்துண்டைத் தூக்கும்போது அதுவும் விழுந்து 13 பேர் இறந்தார்கள். நானும் கட்டமைப்புப் பொறியியலாளன்தான். ஒரு தண்டில் மில்லிமீற்றர் கணக்கில் வளைவு கண்டால் முதலில் தொலைபேசியை எடுக்கிறேன்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மோதிரம் கிடைக்குமா என்றால், கிடைக்கும். நான் ரொறன்ரோ காம்புக்கு எழுதிக் கேட்டபோது சங்கத்தில் லைசென்ஸ் இருப்பதற்கான சான்றையும் விரலின் அளவையும் கேட்டார்கள். எழுதும் கையின் சுண்டுவிரலில்தான் போட வேண்டும். ஆகவே அந்த விரலை அளந்து கொடுங்கள். குளிர்காலத்தில் அளந்தால் விரல் சுருங்கியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏற்கனவே மோதிரம் பெற்ற ஒருவர் உங்களுக்குப் போட்டுவிடலாம் என்பதால், தெரிந்தவர் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

எனக்குப் போட்டுவிட்டவர் பேராதனையில் எனக்குப் பல வருடங்கள் மூத்த ஒரு அண்ணை. எண்பதுகளில் அகதியாக வந்து, தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டே தேர்வுகள் எழுதி லைசென்ஸ் எடுத்தவர். "தம்பி, நீர் எந்தக் கையாலை எழுதுறனீர்?" என்று கேட்டுவிட்டு வலக்கையைப் பிடித்தார். அவருடைய விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்தேன். பட்டைகள் எல்லாம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. என்னுடையது கூர்மையாக இருந்தது. மண்டபத்துக்குள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எல்லோருமாக உறுதிமொழி சொன்னோம், பட்டறைக்கல்லில் சுத்தியல் விழும் சத்தம் நெஞ்சில் கேட்டது. உள்ளே நடப்பதை இதற்கு மேல் வெளியே விரிப்பது மரபில்லை, நானும் விரிக்கவில்லை.

இதே மாதிரி மோதிரங்களை நகை என்ற பெயரில் இணையத்தில் விற்கிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தயவுசெய்து வாங்காதீர்கள், பிள்ளையின் பட்டமளிப்புக்குப் பரிசாகவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். உறுதிமொழி சொன்ன கைக்குத்தான் அது உரியது. தொலைந்துபோனால் காம்புக்கு எழுதினால் வேறொன்று எடுக்க வழி இருக்கிறது.

மற்றவை எல்லாம் கடைப் பொருள்கள்: கோட்டில் குத்தும் பின், டை, சான்றிதழுக்கான சட்டகம், குவளை. பொறியியல் சங்கங்கள் பல இவற்றை விற்கின்றன, மின், மின்னணுப் பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ.க்குத் தனிக் கடையே இருக்கிறது. உங்களுக்குப் பிடித்தால் வாங்குங்கள். நான் ஒரு பின் வைத்திருக்கிறேன். மாநகரசபைக் கூட்டங்களுக்குப் போகும்போது குத்திக்கொள்வேன், ஆட்கள் வந்து கதைக்க அது உதவுகிறது. சட்டகத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மலிவான கண்ணாடிக்குள் வெயில் பட்டால் சான்றிதழின் எழுத்து மங்கிவிடும். சான்றிதழைத் தபாலில் எடுப்பதோடு நின்றுவிடாமல், உங்கள் பகுதிக் கிளை நடத்தும் வழங்கல் விழாவுக்கும் போங்கள். ஸ்காபரோவில் தனிக் கிளை இருக்கிறது. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், எங்கள் பெற்றோர் இந்த நாட்டில் உட்கார்ந்து கைதட்டிய மேடைகள் மிகக் குறைவு.

ஒன்று விளங்கிக்கொள்ள வேண்டும். பின்னோ டையோ மோதிரமோ போட்டிருப்பதால் யாரும் பொறியியலாளராகத் தொழில் செய்துவிட முடியாது. லைசென்ஸ் வருமுன் வணிக அட்டையில் பொறியியலாளர் என்று போடுவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். ஊரில் பட்டம் எடுத்த நாளிலிருந்தே எங்களைப் பொறியியலாளர் என்று அழைத்தார்கள், அதனால் இது சிலருக்கு வலிக்கிறது. எனக்கும் வலித்தது. காத்திருக்கத்தான் வேண்டும்.

இரும்பா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கடைசியாகக் கேட்பார்கள். பல காம்புகள் ஸ்டீல்தான் கொடுக்கின்றன, ரொறன்ரோவில் தேனிரும்பு கேட்டு எடுக்கலாம். நான் இரும்பை எடுத்தேன். விரலில் கறுப்பாகப் படியும், வெயில் காலத்தில் வியர்வையோடு இன்னும் கூடுதலாகப் படியும். கை கழுவியதும் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டால் துரு அவ்வளவாக ஏறாது. தோல் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஸ்டீலையே எடுங்கள், இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான். எதை எடுத்தாலும் சுழலும் இயந்திரத்துக்கோ மின்பலகைக்கோ பக்கத்தில் போகுமுன் கழற்றி, மூடி போட்ட சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.