மலரும் நாளை எண்ணி விதைத்தல்

பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகளுக்கான நிலவனப்புப் பணிகளில் நாற்றங்கால் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், எந்த நிறப் பூவை எங்கே வைப்பது என்பதே பெரிய கேள்வியாக இருக்கும் என எண்ணியிருந்தேன். முதல் கூட்டத்தில் எங்கள் கையில் கிடைத்ததோ ஒரு தேதி மட்டுமே. தொடக்க விழாவின் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மொட்டு விரியவில்லை என்பதற்காக அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது.

ஆகவே அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான் எங்கள் முதல் வேலை. குட்டை ரகத் துலுக்கச் சாமந்தி விதைத்த இரண்டு மாதங்களுக்குள் பூத்துவிடும். பெட்டூனியாவுக்கு அதைவிடக் கூடுதல் நாட்கள் வேண்டும். வெயில் மிகுந்தால் கணக்கு முந்தும், மேகமூட்டம் நீடித்தால் பிந்தும் என்பதால் ஒரே செடியை ஒரு வார இடைவெளியில் மூன்று தவணைகளாகக் குழித்தட்டுகளில் விதைப்போம். முந்திக்கொண்டு வருவதன் நுனியைக் கிள்ளிவிட்டால் பூப்பது சில நாட்கள் தாமதமாகும், பக்கக் கிளைகளும் விட்டுச் செடி அடர்த்தியாகும். வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நுனி கிள்ளும் காலைகள்தான். கடைசி இரண்டு வாரங்களில் நிழல்வலையை விலக்கி, நீரைக் குறைத்து, களத்தின் காற்றுக்கும் வெயிலுக்கும் செடிகளைப் பழக்குவோம்; அதைத் தவிர்த்தால், பத்திரமாக வளர்ந்த செடி திறந்தவெளிக்கு வந்த மறுநாளே வாடிப்போகும்.

இத்தனை எண்ணியும் ஒருமுறை தவறியது. இரவு நீளும் பருவத்தில் நடந்த ஒரு போட்டிக்காக ஆயிரக்கணக்கான செவ்வந்தித் தொட்டிகளை வளர்த்துக்கொண்டிருந்தோம். எல்லா வரிசைகளும் மொட்டு விட்டுவிட, வேலியோரத்து நான்கு வரிசைகள் மட்டும் பச்சைப் பசேலென்று இலையாகவே வளர்ந்துகொண்டிருந்தன. உரத்தை மாற்றிப் பார்த்தோம், வேரைச் சோதித்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் இருட்டிய பிறகு அங்கே போய் நின்றபோதுதான், காவலுக்காக வேலியில் புதிதாகப் பொருத்திய விளக்கின் வெளிச்சம் சரியாக அந்த நான்கு வரிசைகளின்மீது விழுவதைக் கண்டேன். செவ்வந்தி மொட்டு வைக்க நீண்ட, இடையறாத இருள் வேண்டும். இரவில் விழும் மங்கலான ஒளியையும் அது பகலின் நீட்சியாகவே எடுத்துக்கொள்கிறது. பாடமாகப் படித்திருந்த செய்திதான், இருந்தும் மூன்று வாரங்கள் அது எனக்குத் தோன்றவில்லை. விளக்கை அன்றே திருப்பிவிட்டோம். இழந்த நாட்களை மீட்க வழியில்லை.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் பணி 2012 லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் நடந்தது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைஜல் டனெட்டும் ஜேம்ஸ் ஹிட்ச்மஃபும் அங்கே தொட்டிகளை வரிசையாக அடுக்காமல், பூக்கும் புல்வெளிகளையே விதைத்து உருவாக்கினார்கள். ஜூலை 27 அன்று நடந்த தொடக்க விழாவையொட்டி மைதானத்தைச் சுற்றிலும் பொன்னிறம் படர வேண்டும் என்று கோரியாப்சிஸ், கலிபோர்னியா பாப்பி, வயல் சாமந்தி ஆகியவற்றோடு நீல நிறக் கார்ன்ஃபிளவரையும் கலந்து விதைத்தார்கள். தொட்டிச் செடி தவறினால் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்துவிடலாம். மண்ணில் நேரடியாக விதைத்தவருக்கு மாற்று ஏற்பாடு கிடையாது. அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது நாற்றங்காலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அமெரிக்காவின் அகஸ்டா கோல்ஃப் களத்தில் பூக்கும் அசேலியாச் செடிகளுக்குப் பின்னால் வேறொரு வரலாறு இருக்கிறது: அந்த நிலம் முன்பு ஃப்ரூட்லண்ட் என்ற நாற்றுப் பண்ணையாக இருந்தது, இன்றும் அதன் 18 குழிகளுக்கும் மரஞ்செடிகளின் பெயர்களே வழங்குகின்றன. ஆனால் எல்லாக் களங்களுக்கும் அத்தனை ஆண்டு அவகாசம் வாய்ப்பதில்லை.

செடியின் உயரத்தை முடிவுசெய்வதில் நாங்கள் மட்டும் இல்லை. ஒளிப்பதிவுக் கருவிகளின் பார்வைக் கோட்டை மறைக்கக் கூடாது, பாதுகாவலர்களின் கண்ணுக்குத் தெரியாத மறைவிடம் உருவாகக் கூடாது, தேனீக்களை ஈர்க்கும் பூக்கள் வீரர்கள் நிற்கும் இடத்துக்கு அருகில் இருக்கக் கூடாது. அந்தி சாயும்போது ஊதாவும் கருநீலமும் இருளில் கரைந்துவிடுவதால், மாலைப் போட்டிகள் நடக்கும் பக்கத்தில் வெள்ளையும் மஞ்சளுமே நட்டோம்.

2021இல் டோக்கியோவில் போட்டிகள் ஓராண்டு தாமதமாக, பெரும்பாலும் பார்வையாளர்கள் இல்லாமலே நடந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் வளர்த்த அசகாவோ என்ற பூங்கொடிகள் தொட்டிகளில் மைதானத்தருகே வரிசையாக நின்றன. பார்க்க வருவோர் இல்லாத வழியிலும் அவை விடிகாலையில் விரிந்திருக்கும் என்று நினைத்தபோது என் நான்கு வரிசைகள் நினைவுக்கு வந்தன.

அந்தச் செவ்வந்திகள் நிறைவு விழா முடிந்த ஐந்தாம் நாள் பூத்தன. கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிகளை ஏற்றிச்செல்ல வண்டி வருவதற்குள், நுழைவாயிலைத் துப்புரவு செய்துகொண்டிருந்த பெண்களிடம் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மாலையில் நான் போய்ப் பார்த்தபோது ஏழு தொட்டிகள் மட்டுமே மீதம் இருந்தன.