பூமலையில் பெயர் கற்றுக்கொண்டு அப்புறம் காட்டுக்குப் போங்கள்

சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு எல்லாரும் முதலில் காட்டுவது கரையோரப் பூந்தோட்டங்களைத்தான். தப்பே இல்லை. 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை நிற்கும், இரும்பில் கட்டிய அந்தச் செயற்கை மரங்கள், கண்ணாடிக் கூரைக்குள் 35 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி, வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஜிலுஜிலுவென்று மலைப்பிரதேசக் காற்று, எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டு, "அழகான ஊர், ஆனா எல்லாம் நட்டு வளர்த்ததுதான்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. யாரும் நடாத காடு இதே ஊரில் இருக்கிறது. அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி வீடுகளின் முதுகுப்பக்கத்தில், பேருந்தில் போய் இறங்கும் தூரத்தில், ஊர் உருவாவதற்கு முன்பிருந்தே நிற்கும் காடு.

அதைப் பார்க்கவும் ஒரு வரிசை உண்டு என்று நினைக்கிறேன். முதலில் பூமலை, அப்புறம்தான் காடு. மழைக்காட்டுக்குள் நேராக நுழைந்தால் என்ன ஆகும் என்றால், எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். அரைமணி நேரத்தில் அலுத்துவிடும், கைப்பேசியை எடுத்துவிடுவோம். குறை காட்டின்மேல் இல்லை. ஒரு மரத்தைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாமல் போனால் கண் எதில் நிற்கும்?

பூமலை என்று இங்கே தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது 1859இல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தை. 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. காலை 5 மணிக்குத் திறந்தால் நள்ளிரவு வரை திறந்திருக்கும், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு வாங்க வேண்டும். இங்கே மரங்களில் பெயர்ப்பலகை மாட்டியிருப்பார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் படிக்கப் போகாதீர்கள், மண்டையில் நிற்காது. நாலைந்து மரம் போதும். முதலில் தெம்புசு. ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிற மரம் இதே தோட்டத்தில்தான் நிற்கிறது, தாழ்வாகப் பக்கவாட்டில் நீண்டுபோகும் அந்தக் கிளையைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பட்டையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கறுத்து, நீளவாக்கில் ஆழமாகப் பிளந்து, விரல் நுனி உள்ளே போகும்படி வெடிப்பு வெடிப்பாக இருக்கும். பூக்கும் பருவத்தில் பொழுது சாய்ந்ததும் வாசனை ஆளைத் தேடிக்கொண்டு வரும். இந்த ஒரு பட்டையை மனசில் பதித்துக்கொண்டால், அப்புறம் நீர்த்தேக்கத்தின் ஓரத்திலும் சாலை ஓரத்திலும் தெம்புசு தானாகவே கண்ணில் பட ஆரம்பிக்கும்.

அடுத்தது தூங்குமூஞ்சி மரம். சாங்கி விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் குடைபிடித்து நிற்பது அதுதான். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டது, தெம்புசு இந்த மண்ணின் மரம். இந்த வித்தியாசம் தெரிந்ததிலிருந்து நகரத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது, எது வந்தது, எது இங்கேயே இருந்தது என்று ஒவ்வொரு மரத்தையும் கேட்கத் தோன்றுகிறது.

ரப்பர் மரத்தையும் தேடிப்பிடித்துப் பாருங்கள். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சாய்வாகக் கீறித் தினமும் பால் எடுக்கும் முறையை இங்கேதான் சோதித்துத் தேற்றினார். அந்த முறையால் மலாயா முழுக்க ரப்பர் தோட்டங்கள் பரவின, தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களில் எத்தனையோ பேர் பால்மரக் காட்டில்தான் இறங்கினார்கள். விடியற்காலை இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு மலேசியாவிலும் இங்கேயும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு தமிழர் அந்த மரத்துக்கு முன்னால் சும்மா நின்றுவிட்டுப் போய்விட முடியாது.

பூமலைக்குள்ளேயே 6 ஹெக்டேர் மழைக்காடு ஒன்று இருக்கிறது. தோட்டம் போடுவதற்கு முன்பே இருந்த காடு, அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். வெயில் சுடும் புல்வெளியிலிருந்து அதற்குள் நுழைந்ததும் காற்றின் குளுமையும் ஈரமும் மாறுவது உடம்பிலேயே தெரியும். பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம், ஆனாலும் அங்கே பழகிக்கொண்டால் அடுத்த இடத்துக்குத் தயார்.

அடுத்த இடம் புக்கிட் தீமா. 163 மீட்டர் உயரம், அதுதான் இந்த ஊரின் உச்சி. காலையில் முக்கால்வாசிப் பேர் உடற்பயிற்சிக்காக வருகிறார்கள், தார்ச்சாலையில் வேகமாக ஏறி இறங்கிவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நீங்கள் மெதுவாகப் போங்கள், சாலையை விட்டுப் பக்கத்தில் இறங்கும் குறிக்கப்பட்ட பாதைகளில் போங்கள். 1854இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் இந்தப் பகுதியில் தங்கி ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவ்வளவும் இந்தச் சின்ன மலையைச் சுற்றி. இந்தக் காட்டுப் பக்கத்து ஓடைகளில் இருக்கும் ஒரு குட்டி நன்னீர் நண்டு, ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ், சிங்கப்பூரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

மேட்டில் செராயா என்ற நெட்டையான மழைக்காட்டு மரங்கள் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், அதனால் கீழே பாருங்கள். காய்த்த காலமாக இருந்தால் பாதையில் அதன் காய்கள் கிடக்கும். கொட்டை சின்னதுதான், அதன் தலையிலிருந்து ஐந்து இறகுகள் கிளம்பியிருக்கும், மூன்று நீளம், இரண்டு குட்டை. காய்ந்து பழுப்பாகி, நரம்பு நரம்பாக ஓடும் அந்த இறகைப் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தி விட்டுப்பாருங்கள், காற்றாடி மாதிரிச் சுழன்றுகொண்டே இறங்கும். (பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட வேண்டும். காப்புக்காட்டிலிருந்து ஒரு இலையைக்கூட எடுத்துவரக் கூடாது.) இந்த மரங்கள் வருடா வருடம் பூப்பதில்லை. பல வருடம் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் பூக்கும். ஒரே சமயத்தில் அவ்வளவு காயும் கொட்டும்போது அணிலும் பன்றியும் தின்று தீர்க்க முடியாது, மிஞ்சியது முளைக்கும். அந்த வருடம் ஊரில் இருந்தால் வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, காலை ஏழரை எட்டு மணிக்கு மரத்தண்டுகளைப் பாருங்கள். கிளையை விடுங்கள், தண்டைப் பாருங்கள். பூஞ்சை படிந்த பட்டை மாதிரிச் சாம்பலும் பச்சையும் கலந்து ஒரு திட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் பெரிய உருண்டைக் கண் இரண்டு தெரிந்தால் அது கொலுகோ. மரத்துக்கு மரம் 100 மீட்டருக்கு மேல்கூட மிதந்துபோகும் பிராணி. கழுத்திலிருந்து வால் நுனி வரை ஒரே தோல் விரிப்பு, பகலில் அதை மூடிக்கொண்டு அசையாமல் தூங்கும். தாயாக இருந்தால் தோல் மடிப்புக்குள்ளிருந்து குட்டியின் தலை எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்த பிறகு நான் எந்தத் தண்டையும் சும்மா தாண்டிப் போவதில்லை.

இங்கேதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் வருகிறது. புக்கிட் தீமாவும், மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருக்கும் மத்திய நீர்ப்பிடிப்புக் காடும் ஒரு காலத்தில் ஒரே காடு. 1986இல் முடிந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை நடுவில் ஓடி இரண்டாகப் பிரித்துவிட்டது. ஆறு தடச் சாலையை ஒரு அழுங்கு, அதாவது உடம்பெல்லாம் செதில் உள்ள எறும்புதின்னி, எப்படிக் கடக்கும்? கடக்கப் பார்த்தவை வண்டியில் அடிபட்டுச் செத்தன. கடக்காதவை தங்கள் பக்கத்துத் துண்டுக்குள்ளேயே அடைபட்டன. சின்னத் துண்டுக்குள் தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யும் கூட்டம் மெலிந்துபோகும், மரத்துக்கும் இதுதான் கதி, ஏனென்றால் அதன் விதையைச் சுமந்துபோகும் பிராணி அந்தப் பக்கம் போக முடியாது. 2013இல் அந்தச் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். மனிதர்களுக்காக இல்லை. மண் நிரப்பி, இந்தக் காட்டின் மரங்களையே நட்டு, விலங்குகளுக்கென்று விட்டார்கள். அழுங்கும் மரநாயும் அதில் நடந்துபோவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. விரைவுச்சாலையில் பேருந்தில் போகும்போது தலைக்கு மேலே மரங்கள் வரிசையாகக் கடந்துபோனால் அதுதான் அந்தப் பாலம். இந்த ஊரில் மனிதர் கட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். ஆனால் காட்டைப் பிளக்கச் சாலை போட்டபோதே இந்த யோசனை வந்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது, ஏனென்றால் சாலை வந்ததற்கும் பாலம் வந்ததற்கும் இடையில் ஏறக்குறைய முப்பது வருடம் ஓடிவிட்டது.

தண்ணீருக்கும் இதே கதைதான். பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கரையில் புல், கல், செடி. பெருமழை பெய்தால் ஆறு அகன்று பூங்காவுக்குள் ஏறும், அதற்காகவே எச்சரிக்கை விளக்கும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறார்கள், சத்தம் கேட்டதும் மேட்டுக்கு வந்துவிடுங்கள். நீர்நாய்க் குடும்பங்கள் இந்த ஆற்றில் குட்டியோடு நீந்திப்போவதை ஊரே பார்த்திருக்கிறது.

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் தனி உலகம், கிராஞ்சி பக்கம், கடல் தாண்டினால் ஜொகூர். ஒரு காலத்தில் இறால் குளங்களாக இருந்த இடம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா போன்ற வடதிசை நிலங்களிலிருந்து உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் வந்து இறங்கும். நிறையப் பேர் போய், பறவையே இல்லை என்று திரும்பிவருகிறார்கள். நேரம் பார்க்காமல் போனதுதான் காரணம். கடல் இறங்கியிருக்கும்போது பறவைகள் வெளியே சேற்றுத்திட்டுகளில் பரவி இரை தேடும். ஏற்றத்தில் சேறு மூழ்கியதும் கூட்டமாகக் குளங்களுக்குள் வந்து ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும். மறைவிடத்திலிருந்து அவற்றைப் பார்க்க அதுதான் சமயம். இறக்கத்தில் போனால் வேறு வேடிக்கை: அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் சேற்றில் தாவும் மீன்கள் முன்துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போகும். பிரதான பாலத்தில் நின்று தண்ணீரைப் பொறுமையாகப் பார்த்தால் உப்புநீர் முதலையும் தெரியலாம், மிதக்கும் கட்டை என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

போகிற எல்லா இடத்துக்கும் சேர்த்துச் சில சொல்ல வேண்டும். இங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான், அதனால் ஏழுக்கே உள்ளே இருங்கள், மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் எப்போது வேண்டுமானாலும் வரும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகளுக்குப் பை என்றால் சாப்பாடு. அவற்றுக்கு எதையும் போடவும் வேண்டாம், வனவிலங்குக்குத் தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், அதைவிட முக்கியம், கையால் தின்னப் பழகிய குரங்கு அப்புறம் குழந்தை கையிலிருந்து பிடுங்கும், கடைசியில் தொல்லை என்று பிடித்துக்கொண்டு போவது அந்தக் குரங்கைத்தான். பாட்டை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. சில்வண்டு ஒன்று தொடங்க அடுத்தது வாங்கிக்கொண்டு காடு முழுக்க ஏறி இறங்கும் அந்தச் சத்தத்தை மூடிவிட்டு என்ன கேட்கப் போகிறீர்கள்? ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்துப் படம் எடுப்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது குஞ்சை விட்டுவிட்டுப் பறந்துவருகிறது.

இவ்வளவும் பார்த்து முடித்தவர்கள் புலாவ் உபின் தீவுக்குப் போங்கள், அங்கே செக் ஜாவா என்ற கடற்கரை இருக்கிறது. அந்தக் கரையை மண் கொட்டி நிரப்பும் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் பொதுமக்களும் அங்கே என்னென்ன வாழ்கிறது என்று கணக்கெடுத்து எடுத்துச்சொன்ன பிறகு 2001 கடைசியில் அரசாங்கம் அதைத் தள்ளிவைத்தது. நட்சத்திர மீனும் கடற்புல்லும் நண்டும் தெரிய வேண்டுமென்றால் கடல் மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாக அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், வாரநாளில் ஆள் சேரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு இறக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைக்குப் போய்விடுங்கள். உபினில் இறங்கியதும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், செக் ஜாவா வாசலில் அதை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.