தஞ்சாவூர் நாட்குறிப்பு: வலக்கண்ணும் பருவமழையும்

2024 நவம்பர் 4, திங்கள்

தீபாவளிக்கு வந்திருந்த மகளும் பேரனும் நேற்று மாலை திருச்சிக்குத் திரும்பிவிட்டார்கள். பண்டிகை முடியட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த காரியங்களை இன்று கையில் எடுத்தோம். அவற்றுள் முதலாவது என் வலக்கண். இடக்கண்ணில் புரை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்திக்கொண்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வலக்கண்ணுக்கு இம்மாதம் 18-ஆம் தேதியை மருத்துவமனையில் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். கண்களை மாறி மாறி மூடிப் பார்த்தால் வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. இடக்கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் வேட்டி வலக்கண்ணுக்குப் பழுப்பேறித் தெரிகிறது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளி வட்டம் கட்டி நிற்பதால், மாலை ஆறு மணிக்கு மேல் தனியாகத் தெருவைக் கடக்க எனக்குத் துணிவில்லை. மாலையில் வெளியே போக முடியாமல் போனதுதான் என்னை மிகவும் வருத்தியது. கண்ணுக்காக நாள் குறித்தேன் என்பதைவிட, மாலை நேரத்தைத் திரும்பப் பெறுவதற்காகக் குறித்தேன் என்று சொல்வதே சரியாக இருக்கும்.

இரண்டாவது காரியம் என் கணவரின் தலைசுற்றல். காலையில் கட்டிலைவிட்டு எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். மருத்துவர் அவரை ஐந்து நிமிடம் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்த்தார். படுத்திருந்தபோது 142 இருந்தது, நின்றதும் 116-க்கு இறங்கிவிட்டது. மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். நெடுநாள் சர்க்கரை நோயும் இதற்குக் காரணமாகலாம், புராஸ்டேட் வீக்கத்துக்குச் சாப்பிடும் மாத்திரையும் காரணமாகலாம் என்று விளக்கி, அந்த மாத்திரையை இரவு படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றி, அழுத்த மாத்திரைகளில் ஒன்றின் அளவையும் குறைத்திருக்கிறார். எழும் முன் கட்டிலின் விளிம்பில் சற்று நேரம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழுமாக அசைத்துவிட்டுப் பிறகு நிற்க வேண்டும் என்பதும் அவர் சொன்ன கட்டளை. மாத்திரைகள் அனைத்தையும் ஒரே பையில் கொண்டுபோய் அவர் மேசையில் கொட்டியதால்தான் இவ்வளவும் புலப்பட்டது.

2024 நவம்பர் 6, புதன்

மத்திய அரசின் ஓய்வூதியர்களுக்கு நவம்பர் என்றால் உயிர்வாழ் சான்றிதழ் மாதம். அஞ்சல் துறையில் பணியாற்றிய காலம் முழுவதும் நான் கவுண்ட்டருக்கு உட்புறம் அமர்ந்து அந்த மாதத்தைப் பார்த்தவள். ஓய்வூதியப் புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, சலவை செய்த சட்டை அணிந்து, சிலர் பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் உடனே கிளம்ப மாட்டார்கள். நீண்ட பெஞ்சில் அமர்ந்து, பழைய ரயில்வேக்காரரும் தொலைபேசித் துறைக்காரரும் அரை நாள் பேசிக்கொண்டிருப்பார்கள். சென்ற ஆண்டு வந்தவர்களில் இந்த ஆண்டு யாரைக் காணோம் என்பதும் அந்தப் பெஞ்சில்தான் தெரியவரும்.

2014 நவம்பரில் மின்னணுச் சான்றிதழ் வந்தது. விரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். ஆனால் வயதானவர்களின் தோல் உலர்ந்து ரேகை தேய்ந்துவிடுவதால் கருவி பல முறை ஏற்பதில்லை. இன்று தபால்காரத் தம்பி வீட்டுக்கே வந்து முதலில் என் பெருவிரலையும் பிறகு ஆள்காட்டி விரலையும் வைத்துப் பார்த்தார்; இரண்டும் ஏற்கப்படவில்லை. “மேடம், முகத்தை வைத்தே பார்த்துவிடலாம், ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்காருங்கள்” என்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். கண்களை ஒரு முறை சிமிட்டச் சொன்னார். சில நொடிகளில் முடிந்துவிட்டது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு இது எத்தனை பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வரப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நடக்க முடிந்தவர்களுக்கு ஆண்டில் ஒரு நாளாவது அந்தப் பெஞ்ச் இருந்தது. அதற்கு ஈடாக எதையும் நாம் ஏற்படுத்தவில்லை. இந்த எண்ணம் மாலை வரை மனத்தை விட்டு அகலவில்லை. என்னுடன் பணியாற்றிய தோழி இருவரைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த வாரம் சேர்ந்து வெளியே போகலாமா என்று கேட்டேன். உடனே சம்மதித்தார்கள்.

2024 நவம்பர் 9, சனி

இராசராச சோழனின் 1039-ஆவது சதய விழா இன்று தொடங்கியது. பெரிய கோவிலுக்கு ஏழு மணிக்கே போய்விட்டோம். மாலை நிகழ்ச்சிகள்தான் சிறப்பு என்றாலும், அந்தக் கூட்டத்தில் இவரை நிற்க வைக்க முடியாது. நாளை பெருவுடையாருக்கும் பெரியநாயகிக்கும் 48 வகைப் பொருள்களால் பேரபிஷேகம் நடக்கும். அதற்கும் மகள் வீட்டாரைத்தான் போகச் சொல்லியிருக்கிறோம்.

காலையில் போவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சர்க்கரை நோயால் இவருடைய பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. சென்ற ஆய்வில் மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் அழுத்தி, “தெரிகிறதா, தெரிகிறதா” என்று கேட்டார்கள்; பெருவிரலுக்கு அடியில் இவருக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் உச்சி வெயிலில் கோவில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலுடன் நடந்தால், சூடு தெரியாமலேயே தோல் கொப்பளித்துவிடும். அந்தக் கொப்புளம் புண்ணாகி ஆறாமல் போவதுதான் ஆபத்து. ஆகவே கல் சுடாத நேரத்தில், தடித்த பருத்திக் காலுறை அணிந்து நடந்தார். வீட்டுக்கு வந்ததும் பாதங்களைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டார். இதை அவர் ஒரு நாளும் விடுவதில்லை. அந்த ஒழுங்கை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

விமானத்தின் தென்புறத்தில் புறாக்கள் அமர்ந்திருந்த வரிசையை இவர் சுட்டிக்காட்டினார். வலக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

2024 நவம்பர் 12, செவ்வாய்

தோழியர் இருவருடன் அரண்மனை வளாகத்துக்குப் போனேன். அங்குள்ள சரசுவதி மகால் நூலகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை என்பதால் இன்றே வைத்துக்கொண்டோம். மூவரில் ஒருவருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம், மற்றவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், எனக்குக் கண். ஆட்டோவில் ஏறுவதற்கே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் இத்தனை மகிழ்ச்சியாக ஒரு காலைப்பொழுது கழிந்து நெடுநாள் ஆயிற்று.

சரசுவதி மகாலுக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே போய் வந்தாலும், இந்த முறை எனக்கு அங்கே தனிப்பட்ட ஒரு நோக்கம் இருந்தது. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசிருந்த இரண்டாம் சரபோஜி, 1799-இல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்த பிறகு, தம் நாட்டத்தையெல்லாம் நூல்களிலும் மருத்துவத்திலும் செலுத்தியவர். அவர் நடத்திய தன்வந்திரி மகாலில் நம் நாட்டு வைத்தியர்களும் மேலைநாட்டு மருத்துவமும் ஒன்றாக இடம்பெற்றிருந்தன. அங்கே கண் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்பேடுகள் இந்நூலகத்தில் காக்கப்படுகின்றன. நோயாளியின் நிலை, செய்த சிகிச்சை ஆகியவற்றோடு, பாதிக்கப்பட்ட கண்ணை வண்ணத்தில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். இரு நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் ஒரு முதியவரோ மூதாட்டியோ ஓவியனின் எதிரில் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கும்போது, அடுத்த வாரம் நான் உட்காரப்போகும் நாற்காலியைப் பற்றிய அச்சம் எனக்குப் பெருமளவு குறைந்துவிட்டது.

பழங்காலத்தில் கலங்கிய வில்லையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவார்கள். ஒளி உள்ளே போகும். ஆனால் வில்லை இல்லாத கண்ணுக்கு எதுவும் கூர்மையாகத் தெரியாது. வில்லையை நீக்கிய இடத்தில் செயற்கை வில்லையை வைக்கலாம் என்பதை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-இல்தான் செய்து காட்டினார். என் பாட்டி தம் இறுதி ஆண்டுகளில் அணிந்திருந்த சோடாப் புட்டிக் கண்ணாடி, செயற்கை வில்லை நம் ஊருக்கு வந்து சேராத காலத்தின் கண்ணாடி. அவர் படியில் இறங்கும்போதெல்லாம் காலால் தரையைத் தேடியது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

2024 நவம்பர் 15, வெள்ளி

ஐப்பசிப் பௌர்ணமி, பெருவுடையாருக்கு அன்னாபிஷேகம். கூட்டத்துக்கும் மழைக்கும் அஞ்சிப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தாள். வில்லையின் அளவு குறிக்கும் சோதனையும் இரத்தச் சோதனைகளும் முடிந்துவிட்டன.

2024 நவம்பர் 19, செவ்வாய்

நேற்று அறுவை நல்லபடியாக முடிந்தது. எழுதக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆயினும் சுருக்கமாகவே எழுதுகிறேன். பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை அடிக்கடி விட்டார்கள். பிறகு மரத்துப்போகும் சொட்டு மருந்து. ஊசி கிடையாது. மேலே ஒரு வெளிச்சம், காதருகே இயந்திரத்தின் ஒலி, கண்ணில் தண்ணீர் ஓடுவதைப் போன்ற உணர்வு, அவ்வளவுதான். ஒலி அலையால் வில்லையைப் பொடித்து உறிஞ்சிவிட்டு, மடித்த வில்லையை மிகச் சிறிய திறப்பின் வழியே உள்ளே செலுத்தி விரிய விடுகிறார்கள், தையலும் இல்லை. வெளியே வந்ததும் கொடுத்த சூடான காப்பியை, விரதம் முடித்தவளைப் போல அனுபவித்துக் குடித்தேன்.

இன்று காலை மூடியை எடுத்தார்கள். எதிரில் நின்ற செவிலியின் சேலைக் கரை நீலம் என்பது தெரிந்தது. சென்ற வாரம் அதே சேலையைச் சாம்பல் நிறம் என்று எண்ணியிருந்தேன். சில வாரங்களுக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, அடுப்புப் புகை கூடாது, குனிந்து கனமானதைத் தூக்கக் கூடாது. சொட்டு மருந்தின் அளவை வாரந்தோறும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இவர் அதற்கென்று நாட்காட்டியில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். மருந்து விட்டதும் அவரே குறியிடுகிறார். வலி மிகுந்தாலோ, கண் சிவந்தாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ அன்றே வர வேண்டும் என்று சொன்னதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

2024 நவம்பர் 27, புதன்

நேற்றிலிருந்து ஓயாத மழை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். டெல்டா மாவட்டங்கள் முழுவதும் பள்ளிகளுக்கு விடுமுறை. அம்மாப்பேட்டைப் பக்கத்தில் இருக்கும் தம்பி, “அக்கா, நட்டு ஒரு மாதமான சம்பா தண்ணிக்குள்ள நிக்குது, வடிகால் வாய்க்கால் எதிர்த்துக்கிட்டு வருது” என்றான். அவனுக்கும் அறுபத்தாறு ஆகிறது. இந்த மழையில் வரப்பில் நடக்காதே என்று சொன்னேன், கேட்க மாட்டான் என்பதும் தெரியும்.

வெளியே போக இயலாத நாளில் வீட்டுக்குள் நடப்பதுதான் எங்கள் வழக்கம். கூடத்திலிருந்து பின்கட்டு வரை, கைகளை வீசி, இருவரும் எதிரெதிராக நடக்கிறோம். மழை நாளில் என் கவலையெல்லாம் ஈரத் தரைதான். எங்கள் வயதில் ஒரு முறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அதன் பிறகு பழையபடி நடமாடுகிறவர்கள் குறைவு. என் பெரிய நாத்தனார் அப்படித்தான் படுக்கையில் விழுந்தார். ஆகவே குளியலறை வாசலில் வழுக்காத ரப்பர் விரிப்பு, சுவரில் இரும்புப் பிடி, இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு ஆகிய மூன்றையும் சென்ற ஆண்டே செய்துவைத்தோம். பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. பெற்றோருக்குப் பட்டுப்புடவையும் வேட்டியும் எடுத்துத் தரும் பிள்ளைகள், அடுத்த பண்டிகைக்கு அந்தப் பிடியைப் பொருத்தித் தந்தால் நன்றாக இருக்கும்.

இவருக்கு இன்று படுத்தபோது 138, நின்றபோது 126. தலைசுற்றல் இல்லை.

2024 டிசம்பர் 20, வெள்ளி

ஒரு மாதச் சோதனை முடிந்து, படிப்பதற்கு மட்டும் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். தூரப் பார்வைக்கு எதுவும் வேண்டாம். சென்ற வாரம் கார்த்திகை தீபத்தன்று ஆறரை மணிக்கு மேல் நானே தெருக்கோடி வரை நடந்து திரும்பினேன். விளக்குகள் விளக்குகளாகவே தெரிந்தன, வண்டிகளின் வெளிச்சமும் கூசவில்லை.

இன்று மாலை பேச்செல்லாம் திருவையாற்றைப் பற்றியே. தியாகராஜரின் 178-ஆவது ஆராதனை ஜனவரி 14-இல் தொடங்கி 18-இல் நிறைவடைகிறது. நிறைவு நாள் காலையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து பஞ்சரத்தினங்களையும் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகப் பாடுவதைக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். பந்தலில் தரையில் உட்கார்ந்தால் இவரால் மீண்டும் எழுவது கடினம், எழுந்தவுடன் அழுத்தமும் இறங்கும் என்பது இவருடைய கவலை. முழங்கால் வலியுள்ள தோழிக்கும் அதே சங்கடம். கடைசியில் பேசி முடிவு செய்தோம்: நால்வரும் ஒரே வாடகைக் காரில் ஆறு மணிக்குக் கிளம்புவது, மடக்கு நாற்காலிகள் இரண்டை எடுத்துக்கொண்டு பந்தலின் ஓரத்தில் அமர்வது, இவருக்கு இட்லிப் பொட்டலமும் மாத்திரையும் என் பையில் வைத்துக்கொள்வது, வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவது. மடக்கு நாற்காலி மகள் வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.