ஒரு சதம்

நம் கல்லூரியில் பத்தாம் வகுப்புவரைதான் படித்தேன். மிச்சப் படிப்பு கனடாவின் ஸ்காபரோவில். கல்லூரி மலருக்கு எழுதக் கேட்டார்கள். கல்லூரியை நினைக்கும்போதெல்லாம் 1998 பெப்ரவரியில் அந்த ஸ்காபரோப் பள்ளி மண்டபத்தில் இருந்த ஒரு காலைப்பொழுதும் சேர்ந்தே வருகிறது.

பெப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாகக் கனடா நாடாளுமன்றம் ஏற்றது 1995 டிசம்பரில். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், கிரெனடாவில் பிறந்த ஜீன் ஒகஸ்டின். எங்கள் பள்ளியில் கரீபியன் பிள்ளைகள் ஸ்டீல்பான் வாசித்தார்கள். பிறகு நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் ஒரு சதக் குற்றியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வயலா டெஸ்மண்டின் கதையைத் தொடங்கினார்.

1946 நவம்பர் 8. ஹலிஃபாக்ஸில் அழகுநிலையம் நடத்திய வயலாவின் கார் நியூ கிளாஸ்கோவில் பழுதாகிவிட்டது. திருத்தி முடியும்வரை படம் பார்க்கப் போனார். கிட்டப்பார்வை, கீழ்த்தளத்தில் போய் இருந்தார். கறுப்பர்களுக்கு மேல்மாடி ரிக்கெற்தான் கொடுப்பார்களாம். மிச்சக் காசைத் தருகிறேன் என்றும் வாங்கவில்லை. இழுத்துக்கொண்டுபோய் இரவு முழுக்க அடைத்துவைத்தார்கள். இரண்டு ரிக்கெற்றுக்கும் இடையில் வரி வித்தியாசம் ஒரு சதம், அதைக் கட்டவில்லை என்பதுதான் வழக்கு. நிறத்தைப் பற்றி நீதிமன்றத்தில் ஒருவரும் வாய்திறக்கவில்லை. தண்டமும் செலவுமாக 26 டொலர் கட்டினார். மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல். வயலா 1965இலேயே இறந்துவிட்டார். 2018இலிருந்து அவருடைய முகம் பத்து டொலர்த் தாளில் இருக்கிறது.

அன்று பின்னேரம் அம்மம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கடை பள்ளிக்கூடத்திலையும் அப்பிடித்தான் மோனை. நாங்கள் வாங்கிலை. அந்தப் பிள்ளையள் நிலத்திலை" என்றார்.

1920களின் கடைசியில் பள்ளிகளில் சாதி பார்க்காத சம ஆசனத்துக்காக யாழ்ப்பாணத்தில் வாலிப காங்கிரஸ் குரல் கொடுத்ததையும், எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்தச் சொல்லி அரசு கட்டளையிட்டபோது சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டதையும் பிறகுதான் படித்தேன். நம் கல்லூரியில் படித்த காலத்தில் இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அந்த வரலாற்றுக்கு நம் மண்டபத்திலும் ஒரு காலைப்பொழுது ஒதுக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

அம்மம்மாவின் வகுப்பில் நிலத்தில் இருந்தவர்களில் ஒரு பிள்ளை கணக்கில் வலு கெட்டிக்காரியாம். அவளுடைய பெயரைக் கேட்டேன். அம்மம்மாவுக்கு நினைவில்லை.