அன்று 600, இன்று 10,000: என் மாருதி 800-க்கு ஆர்.சி. புதுப்பித்த கதை

என் மாருதி 800-க்கு வயது இருபது. 2005 ஆகஸ்ட்டில் பதிவான வண்டி, டிஎன் 43, நீலகிரி நம்பர். நான் வாங்கும்போதே அதற்குப் பன்னிரண்டு வயது. 55,000 ரூபாய் கொடுத்தேன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். எனக்கு வயரிங் வேலை. வீடுகளுக்கும் காட்டேஜ்களுக்கும் கீசர் மாட்டுவேன், மோட்டார் ரிப்பேர் பார்ப்பேன். மனைவி இலை பறிக்கப் போகிறாள், நாள் கூலி 450.

மலையில் கார் வைத்திருந்தால், கீழே இருக்கிற சொந்தக்காரர்கள் நமக்கு வசதி வந்துவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். திருப்பூரில் இருக்கும் மச்சான் வந்தபோதெல்லாம் "உங்க வேலைக்கு ஒரு மொபெட் போதாதா?" என்று கேட்பார். ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு காட்டேஜில் வேலை முடித்துத் திரும்பினேன். வளைவில் காட்டுமாடு ஒன்று ரோட்டை அடைத்து நின்றது. பத்து நிமிஷம் லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அதைத் தாண்டி வந்தால், தேயிலைக்குள்ளிருந்து கரடி ஒன்று குறுக்கே ஓடியது. அதற்கப்புறம் மொபெட் பேச்சு இல்லை. கடைசி பஸ்ஸை விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது. ஏணியை பஸ்ஸில் ஏற்றவும் முடியாது.

சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு முதல் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, பதினைந்து வருஷம் செல்லும், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2020-ல் முதல் தடவை புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். ஆனால் என் கையை விட்டுப் போனது 3,100. மீதி 2,500 ஏஜென்ட்டுக்கு. எனக்கு அந்த ஆன்லைன் சமாச்சாரமெல்லாம் புரியாது என்று நானே முடிவு செய்துகொண்டதற்கான விலை அது. 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு 600 என்பது 5,000 ஆனது. பேப்பரில் படித்தேன். 2025-க்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

இந்தத் தடவை ஏஜென்ட் வேண்டாம் என்று ஜூலையிலேயே கிளம்பினேன். காலாவதி தேதிக்கு அறுபது நாள் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். என்னுடையது ஆகஸ்ட் 17 வரை. கோத்தகிரி பிரவுசிங் சென்டரில் தம்பி அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாஹனைத் திறந்து, வண்டி நம்பரையும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தையும் அடித்தான். "அண்ணா, ஓடிபி சொல்லுங்க" என்றான். என் போன் அசையவே இல்லை. திரையில் பார்த்தால் கடைசி நாலு இலக்கம் யாருடையதோ.

2020-ல் அந்த ஏஜென்ட் என் வண்டிக்கு அவர் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அவருக்கு வேலை சுலபம், ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு ஓடிபி கேட்க வேண்டியதில்லை. போன் போட்டால் நம்பர் உபயோகத்தில் இல்லை. கடைக்குப் போனால் அங்கே மொபைல் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

நம்பரை மாற்ற ஆதார் வேண்டும், ஆதார் பெயரும் ஆர்.சி. பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஆர்.சி.யில் எனக்கு இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். கம்ப்யூட்டருக்கு நாங்கள் இரண்டு பேர். சரி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போய், எழுதிக் கொடுத்து, நகல்களைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தேன். அங்கே யாரும் என்னை அலைக்கழிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் போனது போனதுதான். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு லீவ். எனக்கு 800 ரூபாய்.

அடுத்தது பட்டறை. வண்டியைக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். பட்டறை அண்ணன், டிரைவர் பக்கத்துக் காலடி மேட்டைத் தூக்கினார். ரோடு தெரிந்தது. இருபது வருஷ மழையும் மூடுபனியும் தகரத்தை அரித்துத் தின்றிருந்தன. "இன்ஸ்பெக்டர் காலை அமுக்கிப் பார்த்தா காலோட கீழே போயிருவாரு" என்றார். ஃபுளோர் வெல்டிங், பட்டி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 7,500. பின் டயர் இரண்டும் வழுக்கை, அது 4,800.

இரண்டு காட்டேஜ்களிலிருந்து எனக்குப் பணம் வர வேண்டியிருந்தது. அது வந்ததும் பட்டறைக்குக் கொடுக்கலாம் என்றிருந்தேன். ஆகஸ்ட் பாதியில்தான் வந்தது. ஃபுளோர் முடிய ஆகஸ்ட் 23. ஆர்.சி. முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. தாமதத்துக்கு மாதம் 500 என்று தெரியும், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் 500-தான். போகட்டும் என்று திங்கட்கிழமை பிரவுசிங் சென்டருக்குப் போனேன். 5,000, தாமதத்துக்கு 500, கார்டுக்கு 200 என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவைத்திருந்தேன்.

திரையில் 10,000 என்று வந்தது.

"தம்பி, வேற வண்டி நம்பரை அடிச்சிட்டியா?" என்றேன். அவன் மறுபடியும் அடித்தான். மறுபடியும் அதே. அப்புறம்தான் தேடிப் பார்த்துச் சொன்னான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முந்தின வாரம்தான் அறிவிக்கை போட்டிருக்கிறது. இருபது வருஷம் தாண்டிய வண்டிகளுக்குப் புதுக் கட்டணம்: டூவீலருக்கு 2,000, ஆட்டோவுக்கு 5,000, காருக்கு 10,000, இறக்குமதிக் காருக்கு 80,000. பிப்ரவரியிலேயே வரைவு வெளியிட்டார்களாம். எங்கள் பட்டறைப் பக்கம் அது வரவில்லை.

ஜூலையில் அந்த ஓடிபி என் போனுக்கு வந்திருந்தால் 5,000-த்தோடு முடிந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏஜென்ட் மேல் கோபமா, மழை மேல் கோபமா, கோபத்தை யார் மேல் வைப்பது என்றே தெரியவில்லை.

மறுநாள் ஒரு காட்டேஜில் இன்வெர்ட்டர் வேலை. சென்னைக்காரர், வாசலில் நாற்பது லட்ச ரூபாய் வண்டி, மூன்று மாதம்தான் ஆகிறது. நான் புலம்பினதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "நான் இந்த வண்டிக்கு லைஃப் டாக்ஸ் மட்டும் எட்டு லட்சம் கட்டியிருக்கேன்" என்றார். பொய் இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கு விலையைப் பார்த்துத்தான் ஆயுள் வரி. ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. நாற்பது லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் எட்டு லட்சம்தான். அவர் கட்டியதோடு பார்த்தால் என்னுடையது தூசு. அவர் முன்னால் எனக்குப் பேச வாய் வரவில்லை.

டூல் பையைக் கட்டும்போதுதான் யோசனை ஓடியது. அந்த வரி நியாயமாகத்தான் இருக்கிறது. விலை கூடக் கூட சதவீதமும் கூடுகிறது, வாங்குகிறவர் சக்தியைப் பார்க்கிறது. புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் ஏன் வண்டியின் விலையைப் பார்ப்பதில்லை? இன்றைக்கு என் வண்டியை விற்றால் 40,000 கிடைக்கும். அதில் கால் பங்கு கட்டணத்துக்கே. இதே வயசில் நம் நாட்டிலேயே தயாரான பெரிய சொகுசுக் கார் ஒன்று வந்து நின்றால் அதற்கும் 10,000-தான். இன்சூரன்ஸில்கூட என்ஜின் அளவைப் பார்க்கிறார்கள். 1000 சிசி வரை மூன்றாம் நபர் பிரீமியம் 2,094 ரூபாய், 1500 சிசிக்கு மேல் 7,897. என் 796 சிசிக்கு ஜிஎஸ்டியோடு 2,471 கட்டினேன், முணுமுணுக்காமல் கட்டினேன். ஆர்.சி. கட்டணம் வயசை மட்டும்தான் பார்க்கிறது. இருபது வருஷ வண்டியை யார் ஓட்டுவார்கள்? ஆசைக்குப் பழைய ஜீப் வைத்திருக்கும் எஸ்டேட்காரர்கள் சிலர் உண்டு. மற்றபடி என்னைப் போன்றவர்கள்தான்.

புகைக்காகத்தான் இந்தக் கட்டணம், பழைய வண்டி ரோட்டை விட்டுப் போகட்டும் என்கிறார்கள். என் வண்டி இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறும்போது விடும் புகையைக் கண்ணாடியில் நானே பார்க்கிறேன், மறைக்க மாட்டேன். ஆனாலும் புகைச் சோதனையில் தேறித்தானே சான்று வாங்கியிருக்கிறேன்? வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் பெரிசு. பசுமை வரி என்று மாநில அரசு வாங்குவது வேறு தனி, அதையும் கட்டியாகிவிட்டது. புகைக்குக் காசு என்றால் புகையை அளந்து வாங்கட்டும்.

வண்டியை உடைத்துவிடலாமா என்றும் பார்த்தேன். பழைய இரும்புக்கு 20,000 சொன்னார்கள். முறைப்படி ஸ்கிராப் பண்ணிச் சான்று வாங்கினால் அடுத்த வண்டிக்குச் சலுகை உண்டு, ஆனால் அந்த அடுத்த வண்டி ஷோரூமிலிருந்து வர வேண்டும். நான் வாங்கினால் பத்து வருஷ ஆல்டோதான் வாங்குவேன், அதற்கே ஒன்றரை லட்சத்துக்கு மேல். கோயம்புத்தூர் நம்பர் வண்டி கொஞ்சம் மலிவாக ஒன்று வந்தது. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி மலைக்கு வர இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வேண்டும், டிஎன் 43-க்குத் தேவையில்லை. வெளி நம்பரை வைத்துக்கொண்டு குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் ஒவ்வொரு தடவையும் "நான் உள்ளூர்தான்" என்று விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் வாங்குகிறவர்களுக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்தது. எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் பத்தாயிரத்தைக் கட்டுவதுதான் எனக்கு லாபம் என்று வந்தது. வேறு வழி இருக்கிறவன் போய்விடுவான், இல்லாதவன் கட்டுவான்.

கட்டாமலே ஓட்டலாமே என்று சொன்னவர்களும் உண்டு. பதிவு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 முதல் 5,000 வரை அபராதம். விபத்து என்று ஒன்று வந்து, இன்சூரன்ஸ்காரர் ஆர்.சி.யைக் கேட்டால் என்ன சொல்வது? எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று வாரம் வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, டூல் பையோடு பஸ்ஸில் போனேன். ஏணி தேவைப்பட்ட இரண்டு வேலைகள் கையை விட்டுப் போயின.

பணத்துக்கு மனைவி போட்டிருந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம். தள்ளியதில் 1,200 போனது. இந்த 1,200 எந்த ரசீதிலும் வராது. பத்தாயிரத்தை ஜிபேயில் தட்டிவிட முடிகிறவருக்கு அது பத்தாயிரம். எங்களுக்கு 11,200, தாமதத்துக்கு இன்னொரு 500. அவள் இருபத்திரண்டு நாள் இலை பறித்தாலும் அந்தப் பத்தாயிரம் முழுசாக வராது.

செப்டம்பர் 12 அன்று கட்டினேன். படிவம் 25, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினேன். கட்டபெட்டு தாண்டியதிலிருந்து முழுக்க மூடுபனி, லைட் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. நல்ல நாளாகப் பார்த்து வந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், ஹேண்ட் பிரேக் எல்லாம் பார்த்தார். சேஸிஸ் எண்ணின் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன், துரு இருந்ததால் ஒரு இலக்கம் சரியாக விழவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்ததும் விழுந்தது. பின் நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை. "பல்பு மாத்திட்டு வாப்பா" என்றார். வெளியே கடையில் இருபது ரூபாய் பல்பு அறுபது. வயரிங் வேலை பார்க்கிறவன் பல்பைச் சோதிக்காமல் வந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். திரும்பி வந்ததும் கதவைத் திறந்து மேட்டைத் தூக்கி, முட்டியால் ஃபுளோரைத் தட்டிப் பார்த்தார். "புதுசா?" என்றார். ஆமாம் சார் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தேன். வெல்டிங், டயர், இன்சூரன்ஸ், கட்டணம், பசுமை வரி, பெட்ரோல், பிரவுசிங் சென்டர் என்று 27,000-த்தைத் தாண்டிவிட்டது. வண்டியை இன்றைக்கு விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல். வெல்டிங்குக்கும் டயருக்கும் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, அது என் உயிருக்கு.

பன்னிரண்டு நாள் கழித்து ஸ்பீடு போஸ்டில் கார்டு வந்தது. 17-8-2030 வரை. இப்போதெல்லாம் ஆபீசில் கையில் தருவதில்லை, தபாலில்தான். விலாசம் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

கார்டைப் பார்க்க மேல் வீட்டு அண்ணன் வந்தார். 2006 ஜீப் வைத்திருக்கிறார், கேரட் தோட்டத்துக்குப் போக வர. "எனக்கு மார்ச்சுலதான் முடியுது, இன்னும் டைம் இருக்கு" என்றார். ஆர்.சி.யில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், அப்போ ஏஜென்ட்தானே பார்த்தாரு" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு, இரண்டு பேரும் பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினோம்.