ஒழுகிய இடமும் ஒத்துவராத கணக்கும்

படுக்கையறைக் கூரையில் தேமலைப் போல ஈரக்கறை படர்ந்தபோது, அதைச் சரிசெய்ய ஒப்பந்தக்காரர் சொன்ன தொகைக்கு நான் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டேன். வேலை தொடங்கிய மூன்றாம் நாள், அவர் அதைப் போல இருமடங்கு கேட்டார்.

கறைக்கு நேர் மேலே உள்ள விரிசலை அடைத்தால் போதும் என்பது என் எண்ணம். அவரோ சுத்தியலின் காம்பால் மொட்டை மாடியைத் தட்டிக்கொண்டே நடந்தார். கறைக்கு மேலே கணீரென்று ஒலித்த ஓடுகள், கைப்பிடிச் சுவரை நெருங்கியதும் பொத்தென்று ஒலித்தன; அங்கே ஓடுகள் அடியில் பிடிப்பு விட்டிருந்தன என்பதற்கு அது அடையாளம். சுவரும் தளமும் சேரும் மூலையில் புகுந்த நீர், ஓடுகளுக்கு அடியில் சரிவின் போக்கில் ஓடி, கான்கிரீட்டில் விரிசல் கிடைத்த இடத்தில்தான் கீழே சொட்டுகிறது என்று விளக்கினார். அது உண்மைதான், நீர் புகும் இடமும் ஒழுகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆனாலும் என் கோபம் தணியவில்லை. தளத்தில் பகுதி பகுதியாகக் கரை கட்டி, 24 மணி நேரமாவது தண்ணீரைத் தேக்கிப் பார்த்திருந்தால், விலை சொல்வதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். அதைச் செய்யாதது அவர் தவறு; எந்தெந்த வேலை அத்தொகையில் அடங்கும் என்று எழுதி வாங்காதது என் தவறு.

முடிவில், மூலையை உடைத்து வளைவாகப் பூசி, நீர்த்தடுப்புப் பூச்சு ஏற்றுவதற்கான பொருட்செலவை நான் ஏற்றேன். கூடுதல் கூலியை அவர் விட்டுக்கொடுத்தார். கடைசித் தவணையை மட்டும் ஒரு கனமழை பெய்து ஓயும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.