வெட்டிய நான்கு வரி

"அக்கா, வேற எதை வேணும்னாலும் எடுங்க. அந்த நாலு வரி மட்டும் இருக்கட்டும்" என்றான். நான் அந்த நாலு வரியைத்தான் எடுத்தேன்.

இங்கிலாந்தின் பழைய அரசியல் குடும்பமான செசில் குடும்பத்தைப் பற்றி எங்கள் பத்திரிகைக்கு அவன் எழுதிய கட்டுரை. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டதால் இருபது வரி குறைக்க வேண்டியிருந்தது. முதலாம் எலிசபெத்துக்கு வலக்கையாக இருந்த வில்லியம் செசில், மூன்று முறை பிரதமரான சால்ஸ்பரி பிரபு, 1902இல் அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த அக்காள் மகன் பால்ஃபர் எல்லோரும் தப்பினார்கள். 1999இல் பரம்பரைப் பிரபுக்களை பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவையிலிருந்து வெளியேற்றியபோது 92 பேர் மட்டும் தங்குவதற்குப் பேரம் பேசிய வாரிசும் தப்பினார். மாமன், மருமகன் கதையை யாரும் விரும்பிப் படிப்பார்கள்.

வெட்டியது 1866ஐ. அந்த ஆண்டு ஜூலையில், பிரதமராவதற்கு வெகுகாலம் முன்பே, சால்ஸ்பரி லண்டனில் இருந்து இந்தியாவைக் கவனிக்கும் இந்தியா மந்திரியானார். ஒரிசாவில் பஞ்சம். அதிகாரிகள் சொன்னதை நம்பி இரண்டு மாதம் அவர் ஒன்றும் செய்யவில்லை. மழைக்காலம் ஏற்கெனவே துறைமுகங்களை அடைத்திருந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அந்தப் பழியிலிருந்து தான் விடுபட்டதாக ஒருபோதும் நினைக்க முடியவில்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். இதைத்தான் அவன் எழுதியிருந்தான்.

"செத்தவங்க கணக்கு இருக்கட்டும். இவர் வருத்தப்பட்டது யாருக்கு வேணும்?" என்று கேட்டேன். கணக்கை மட்டும் ஒரே வரியாக்கி உள்ளே வைத்தேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் பாதி சரியாகத்தான் படுகிறது. பிரபுவின் மனவேதனையைப் பட்டினியில் செத்தவர்களுக்குப் பக்கத்தில் வைத்தால், படிப்பவர் கண் பிரபு பக்கம்தான் போகும்.

அவன் சத்தம் போடவில்லை. "வருத்தத்தை எடுத்துட்டா 1877 எப்படிக்கா புரியும்?" என்றான். நேரமில்லை என்றேன்.

நேரம் இருந்தது. பதினைந்து நிமிடமாவது இருந்தது.

சால்ஸ்பரி 1874இல் மறுபடியும் இந்தியா மந்திரி. அந்த ஆண்டு பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கிப் பெருஞ்சாவைத் தடுத்தார்கள். செலவு அதிகம் என்று கண்டனம் வந்தது. அந்த அரிசியை இறக்கிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிளையே 1877இல் சென்னை மாகாணப் பஞ்சத்துக்கு அனுப்பினார்கள். அவர் நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கொஞ்சம் காசு என்று கூலியைக் குறைத்தார். அப்போதும் மந்திரி சால்ஸ்பரிதான். தன் தவறு தெரிந்த மனிதர், பதினோரு ஆண்டு கழித்து நம் ஊர்கள் சாவதை அதே நாற்காலியில் இருந்து பார்த்தார். நான் அச்சுக்கு அனுப்பியதில் அவர் ஒன்றும் அறியாத கல்நெஞ்சர். அவன் எழுதியதில் எல்லாம் அறிந்தவர். எது பெரிய குற்றம்?

இதை அவனிடம் சொல்லலாம். ஆனால் பக்கம் போன பிறகு சொல்லி என்ன ஆகும் என்றும் தோன்றுகிறது. இடம் இல்லை என்பது பொய்யில்லை. பால்ஃபருக்கு இடம் இருந்தது என்பதும் பொய்யில்லை. அவன் இப்போது வேறு வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினான், நானும் அனுப்பினேன். அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.